கழுத்தும் மண்டையோடும் சேரும் இடத்தின் பிறவிக் கோளாறுகள்: ஸ்கேன் அறிக்கையை எப்படிப் புரிந்துகொள்வது?

கழுத்து வலிக்காகவோ சிறு விபத்துக்குப் பிறகோ ஒருவருக்கு ஸ்கேன் எடுக்கிறார்கள். அறிக்கையில் ‘அட்லஸ் அசிமிலேஷன்’, ‘பேசிலார் இன்வாஜினேஷன்’, ‘ஓஸ் ஓடோன்டாய்டியம்’, ‘சி2-சி3 ஃப்யூஷன்’ என்று ஏதாவது ஒரு வரி வருகிறது. இணையத்தில் தேடினால் ஒரே சொல்லுக்கு இரண்டு விதமான பதில்கள் கிடைக்கின்றன. ஒரு பக்கம், ‘இது சாதாரண உடற்கூற்று வேறுபாடு, கவலை வேண்டாம்’ என்கிறது. இன்னொரு பக்கம், ‘கை கால் செயலிழக்கலாம், அறுவை சிகிச்சை தேவை’ என்கிறது. இரண்டும் யாரோ ஒரு நோயாளிக்கு உண்மைதான். குழப்பமே அங்கிருந்துதான் தொடங்குகிறது.

கோளாறின் பெயரை மட்டும் வைத்து ஆபத்தை அளவிட முடியாது. இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிய வேண்டும்:

1. தண்டுவடத்துக்கும் மூளைத்தண்டுக்கும் அங்கே போதிய இடம் இருக்கிறதா?
2. அந்த மூட்டு உறுதியாக நிற்கிறதா, தலையை அசைக்கும்போது நழுவுகிறதா?

இந்த இரண்டையும் புரிந்துகொள்ள, முதலில் அந்த இடத்தின் அமைப்பைப் பார்த்துவிடலாம்.

இயல்பான அமைப்பு

மண்டையோட்டின் அடிப்பகுதியில் ஒரு பெரிய துளை இருக்கிறது. மருத்துவப் பெயர் ஃபோராமென் மேக்னம். இந்தக் கட்டுரையில் பெருந்துளை என்றே சொல்வோம். மூளைத்தண்டின் கடைசிப் பகுதியான முகுளம் இதன் வழியாக இறங்கித் தண்டுவடமாகத் தொடர்கிறது. துளையின் இரு ஓரங்களிலும் மண்டையோட்டில் உருண்டு திரண்ட இரண்டு புடைப்புகள் உண்டு. அவை முதல் கழுத்து எலும்பின் மேல் அமர்ந்திருக்கின்றன.

அந்த முதல் எலும்பு அட்லஸ். அறிக்கைகளில் சி1 என்று வரும். மற்ற முள்ளெலும்புகளுக்கு முன்பக்கம் கனமான உடல் பகுதி இருக்கும்; அட்லஸுக்கு அது கிடையாது. முன்வளைவு, பின்வளைவு, இரண்டு பக்கமும் எடை தாங்கும் திரட்சிகள், அவ்வளவுதான். மொத்தத்தில் அது ஒரு வளையம். அடுத்தது ஆக்சிஸ், அதாவது சி2. இதன் உடலிலிருந்து ஒரு முளை செங்குத்தாக மேலே எழுந்து அட்லஸ் வளையத்துக்குள் நிற்கிறது. இதற்கு ஓடோன்டாய்டு என்றும் டென்ஸ் என்றும் பெயர். தலையை இடமும் வலமும் திருப்பும்போது, மண்டையோடும் அட்லஸும் சேர்ந்து இந்த முளையைச் சுற்றித்தான் சுழல்கின்றன. கழுத்தின் மொத்தத் திருப்பத்தில் ஏறத்தாழ பாதி இந்த ஒரே மூட்டில் நடக்கிறது. ‘ஆமாம்’ என்று தலையசைப்பதில் பெரும்பங்கு அதற்கு மேலே, மண்டையோடும் அட்லஸும் சேரும் மூட்டில் நடக்கிறது.

கீழேயுள்ள கழுத்து எலும்புகளுக்கு நடுவே டிஸ்க் எனப்படும் மெத்தை போன்ற வட்டு உண்டு. இந்த மேல் இரண்டு மூட்டுகளில் அது இல்லை. எலும்புகள் ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொள்வதும் இல்லை. நான்கைந்து கிலோ எடையுள்ள தலை இவ்வளவு தாராளமாக அசைவதற்கு உடல் கொடுக்கும் விலை இது. உறுதிக்கு இங்கே முக்கியப் பொறுப்பு லிகமென்ட்கள் எனப்படும் பிணைநார்களுடையது. அவற்றில் மிக முக்கியமானது குறுக்கு லிகமென்ட். ஓடோன்டாய்டின் பின்பக்கமாகக் குறுக்கே ஓடி, அதை அட்லஸின் முன்வளைவோடு அணைத்து வைத்திருக்கிறது. அதற்கு நேர் பின்னால் தண்டுவடம். ஆக, முளையோ நாரோ சரியாக இல்லையென்றால் தலை குனியும்போது அட்லஸ் முன்னால் நழுவும். ஓடோன்டாய்டுக்கும் அட்லஸின் பின்வளைவுக்கும் நடுவில் தண்டுவடம் நசுங்கும்.

இயற்கை இதற்குக் கொஞ்சம் இடமும் விட்டிருக்கிறது. அட்லஸ் வளையத்தின் உள் அகலத்தை முன்பின்னாக அளந்தால் மூன்றில் ஒரு பங்கை ஓடோன்டாய்டும், ஒரு பங்கைத் தண்டுவடமும் எடுத்துக்கொள்கின்றன. மூன்றாவது பங்கு வெற்றிடம். 1968இல் ஸ்டீல் என்ற எலும்பு மருத்துவர் சொன்ன இந்த ‘மூன்றில் ஒன்று’ விதி இன்றும் பாடமாக இருக்கிறது. அந்த வெற்றிடம் தீரும் வரை ஓரளவு நழுவலைத் தண்டுவடம் தாங்கிக்கொள்ளும். பிறவிக் கோளாறோடு பல வருடங்கள் எந்தத் தொல்லையும் இல்லாமல் வாழ முடிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கருவில் எங்கே பிசகுகிறது?

கருவின் நான்காவது வாரத்தையொட்டி, முதுகுப் பக்கத்தில் சோமைட் எனப்படும் துண்டுகள் வரிசையாக உருவாகின்றன. மேலே உள்ள முதல் சில துண்டுகள் மண்டையோட்டின் அடிப்பகுதியாகின்றன. கீழே உள்ளவை முள்ளெலும்புகளாகின்றன. எது மண்டையோடு, எது கழுத்து என்ற எல்லை இங்கேதான் வகுக்கப்படுகிறது. ஹாக்ஸ் என்ற மரபணுக் குடும்பத்துக்கு இந்த எல்லை வகுப்பதில் பெரிய பங்கு உண்டு. எலிகளில் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மரபணுவை முடக்கியபோது அட்லஸ் மண்டையோட்டோடு ஒட்டிப்போனது.

இன்னொரு விவரமும் முக்கியம். அட்லஸுக்கு உடல் இல்லை என்று சொன்னோமே, அந்த உடல் காணாமல் போய்விடவில்லை. கருவிலேயே அது அட்லஸை விட்டுப் பிரிந்து ஆக்சிஸோடு சேர்ந்து, ஓடோன்டாய்டின் பெரும்பகுதியாகிவிட்டது. ஓடோன்டாய்டின் உச்சி மட்டும் மண்டையோட்டுத் துண்டுகளில் கடைசியான ப்ரோஅட்லஸிலிருந்து வருகிறது. அதாவது விரலளவுகூட இல்லாத ஒரு முளை, பிறப்பிடம் வேறான பகுதிகள் இணைந்து உருவானது. பிறந்த குழந்தையில் இந்த இணைப்புகள் குருத்தெலும்பாகத்தான் இருக்கும். ஓடோன்டாய்டின் அடி ஆக்சிஸ் உடலோடு எலும்பாகச் சேர்வது மூன்று முதல் ஆறு வயதுக்குள். உச்சி சேர்வது பன்னிரண்டு வயதையொட்டி. சிறு குழந்தையின் எக்ஸ்ரேயில் தெரியும் கோடு எலும்பு முறிவா, இன்னும் மூடாத வளர்ச்சிக் கோடா என்று குழம்புவது இதனால்தான். குழந்தைகளின் கழுத்துப் படத்தை அந்த வயதின் இயல்பு தெரிந்தவர் பார்ப்பது அவசியம்.

கருவில் நடக்கும் பிழைகளை மூன்றாகப் பிரிக்கலாம்: பிரிய வேண்டியவை பிரியாமல் ஒட்டிக்கொள்வது, சேர வேண்டியவை சேராமல் தனித்து நிற்பது, உருவாக வேண்டியது குறைவாக உருவாவது. கீழே வரும் எலும்புக் கோளாறுகள் எல்லாவற்றையும் இந்த மூன்றில் ஒன்றாகவோ மூன்றின் கலவையாகவோ பார்க்கலாம்.

அறிக்கையில் வரும் பெயர்கள்

1. அட்லஸ் வளைவில் இடைவெளி. பின்வளைவின் இரு பாதிகளும் நடுவில் சேராமல் சிறு இடைவெளி விட்டிருக்கும். இந்தப் பட்டியலில் மிகப் பரவலானது இதுதான். நூறு பேரில் சுமார் நான்கு பேருக்கு இருக்கலாம். பெரும்பாலும் வேறு காரணத்துக்காக எடுத்த படத்தில் தற்செயலாகத் தெரியவரும், தொல்லை எதுவும் தராது. விபத்துக்குப் பிறகு எடுத்த படத்தில் இதை முறிவு என்று நினைத்துவிடக் கூடாது என்பதுதான் முக்கியம். பிறவி இடைவெளியின் ஓரங்கள் மழுங்கி வழுவழுப்பாக இருக்கும். புதிய முறிவின் ஓரங்கள் கூராக இருக்கும்.

2. அட்லஸ் அசிமிலேஷன். அட்லஸ் மண்டையோட்டின் அடியோடு முழுமையாகவோ பாதியாகவோ ஒட்டிப் பிறப்பது. நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே காணப்படுகிறது. ஒட்டியிருப்பதால் மட்டும் ஆபத்து இல்லை. ஆனால் மேல் மூட்டு அசையாததால் அதன் வேலையும் சேர்ந்து அட்லஸ்-ஆக்சிஸ் மூட்டின் மேல் விழுகிறது. இதோடு சி2-சி3 எலும்புகளும் ஒட்டியிருந்தால் நிலைமை கடுமை. மேலும் கீழும் பூட்டப்பட்டு, நடுவில் ஒரே ஒரு மூட்டு அத்தனை அசைவையும் தாங்குகிறது. வருடக்கணக்கில் அதன் நார்கள் தளர்ந்து, மூட்டு நழுவத் தொடங்கும். அறிக்கையில் இந்த இரண்டு வரிகளும் சேர்ந்து வந்தால் அலட்சியம் செய்யவே கூடாது.

3. ஓடோன்டாய்டு குறைபாடுகள். முளை குட்டையாக இருக்கலாம், மிக அரிதாக இல்லாமலே போகலாம். அல்லது அடியோடு சேராமல், மேலே தனி எலும்புத் துண்டாக நிற்கலாம். இந்தக் கடைசி வகைதான் ஓஸ் ஓடோன்டாய்டியம். 1886இல் ஜியாகோமினி இதை முதலில் விவரித்தார். இது பிறவியிலேயே வருவதா, சிறு வயதில் கவனிக்காமல் விட்ட முறிவு சேராமல் போனதா என்ற விவாதம் இன்னும் தீரவில்லை. முந்தைய எக்ஸ்ரேயில் முளை சரியாக இருந்து, சில வருடங்களில் தனித் துண்டாகிப்போன குழந்தைகள் உண்டு. அது காயத்தைக் காட்டுகிறது. ஒரே குடும்பத்தில் பலருக்கு வந்ததும் உண்டு. அது பிறவிக் காரணத்தைக் காட்டுகிறது. இரண்டு வழியிலும் வரலாம் என்றே தோன்றுகிறது. நோயாளிக்கோ இந்த விவாதத்தைவிட, முளை துண்டாகிவிட்டதால் குறுக்கு லிகமென்ட் அணைத்துப் பிடிக்க உறுதியான பிடிமானம் இல்லை என்பதுதான் பெரிது.

4. பேசிலார் இன்வாஜினேஷன். ஓடோன்டாய்டின் உச்சி இருக்க வேண்டிய உயரத்தைத் தாண்டிப் பெருந்துளையை நோக்கி, சில சமயம் அதற்குள்ளேயே ஏறிவிடுவது. அளப்பதற்குச் சில கோடுகள் உண்டு. சேம்பர்லெய்ன் 1939இல் சொன்ன கோடு, கடின அண்ணத்தின் (வாயின் மேற்கூரை எலும்பின்) பின்முனையையும் பெருந்துளையின் பின் விளிம்பையும் இணைக்கிறது. ஓடோன்டாய்டு அதற்கு மேல் 5 மி.மீ.க்கும் அதிகமாக ஏறியிருந்தால் அசாதாரணம் என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். பெருந்துளையின் முன்விளிம்பையும் பின்விளிம்பையும் இணைப்பது மக்ரே கோடு. இயல்பாக ஓடோன்டாய்டு இதற்குக் கீழேயே நிற்கும். மேலே ஏறிய முளை முகுளத்தை முன்பக்கமிருந்து அழுத்துவதுதான் இங்கே ஆபத்து.

இதோடு அடிக்கடி சேர்த்துக் குழப்பப்படுவது ப்ளாட்டிபேசியா. மண்டையோட்டின் அடித்தளம் வழக்கத்தைவிடத் தட்டையாக இருப்பது என்று மட்டுமே அதற்குப் பொருள். தனியாக இருந்தால் அறிகுறி எதுவும் தராது. அப்புறம், மேலே ஏறும் முளை எல்லாமே பிறவிக் கோளாறு என்று சொல்லவும் முடியாது. எலும்பு மென்மையாகும் நோய்களிலும், முடக்குவாத மூட்டழற்சியிலும் பின்னாளில் இதே நிலை வரலாம். அதற்குச் சிகிச்சைத் திட்டம் வேறு.

5. கிளிப்பெல்-ஃபீல் நிலை. கழுத்தில் இரண்டோ அதற்கு மேலோ முள்ளெலும்புகள் பிறவியிலேயே ஒட்டியிருப்பது. பாரிஸைச் சேர்ந்த கிளிப்பெல்லும் ஃபீலும் 1912இல் விவரித்தார்கள். குட்டைக் கழுத்து, தாழ்ந்த பின் மயிரெல்லை, குறைந்த கழுத்தசைவு என்ற மூன்றும் இதன் அடையாளமாகப் பாடநூல்களில் உண்டு. ஆனால் பாதிப் பேருக்குக்கூட மூன்றும் சேர்ந்திருப்பதில்லை. கழுத்து பார்க்க இயல்பாக இருப்பதால் இந்தக் கோளாறு இல்லை என்று சொல்லிவிட முடியாது. இன்னொன்று, கழுத்து எலும்புகள் உருவாகும் அதே காலத்தில் சிறுநீரகம், உட்செவி, இதயம், தோள்பட்டை ஆகியவையும் உருவாகின்றன. அதனால் இவர்களுக்கு வயிற்று அல்ட்ராசவுண்ட், செவித்திறன் சோதனை, இதயப் பரிசோதனை, முதுகு வளைவுக்கான சோதனை எல்லாம் ஒருமுறையாவது செய்ய வேண்டும். எலும்பில் மட்டுமே கவனம் வைத்து, ஒற்றைச் சிறுநீரகத்தைக் கண்டுபிடிக்காமல் விட்டுவிடுவது தவிர்க்கக்கூடிய தவறு.

6. கியாரி கோளாறு. இது எலும்புக் கோளாறு அல்ல. ஆனால் பல சமயம் அதோடு சேர்ந்தே வருகிறது. மண்டையோட்டின் பின்குழி சிறியதாக இருக்கும்போது சிறுமூளையின் கீழ்நுனிகள் பெருந்துளை வழியாகக் கீழே இறங்கிவிடும். 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் இறங்கியிருந்தால் கியாரி முதல் வகை என்பார்கள். பிராகாவில் பணியாற்றிய நோயியலாளர் ஹான்ஸ் கியாரி 1891இல் இதை விவரித்தார். மூளைத் தண்டுவட நீரின் ஓட்டம் அங்கே தடைபடுவதால் தண்டுவடத்துக்குள்ளேயே நீர்க்குழி உருவாகலாம். அப்போது வலியும் சூடும் தெரிவது முதலில் போகும், தொடுவுணர்ச்சி மிஞ்சியிருக்கும். கையில் சூடுபட்டுக் கொப்புளம் வந்த பிறகுதான் கவனிக்கிறார் என்றால் இந்தச் சந்தேகம் வர வேண்டும்.

7. உடல் முழுவதையும் பாதிக்கும் நிலைகளின் பகுதியாக. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு நார்கள் தளர்ந்திருப்பதால், படத்தில் பார்த்தால் பத்தில் ஒருவர் முதல் ஐந்தில் ஒருவர் வரை அட்லஸ்-ஆக்சிஸ் மூட்டில் தளர்ச்சி தெரியும். அறிகுறி வருவதோ நூற்றில் ஓரிருவருக்குத்தான். 1983இல் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் அமைப்பு, விளையாட்டில் சேரும் டவுன் சிண்ட்ரோம் வீரர்களுக்குக் கழுத்து எக்ஸ்ரே வேண்டும் என்றது. பின்னாளில் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம், எல்லோருக்கும் வழக்கமாக எக்ஸ்ரே எடுக்கும் பரிந்துரையைக் கைவிட்டது. யாருக்குப் பிரச்சினை வரும் என்பதை எக்ஸ்ரே முன்கூட்டியே நம்பகமாகச் சொல்லவில்லை. நடையில் மாற்றம், கழுத்து வலி, சிறுநீர்க் கட்டுப்பாட்டில் மாற்றம் ஆகியவற்றை வீட்டார் கவனித்துச் சொல்வதே மேல் என்பது இன்றைய அணுகுமுறை. அகோண்ட்ரோப்ளேசியா என்ற குட்டை வளர்ச்சி நிலையில் பெருந்துளையே குறுகியிருக்கும். கைக்குழந்தைப் பருவத்தில் தூக்கத்தில் மூச்சு நின்றுபோகும் ஆபத்து உண்டு. எலும்பு வளர்ச்சியைப் பாதிக்கும் மார்க்கியோ என்ற பரம்பரை நோயில் ஓடோன்டாய்டு சரியாக வளர்வதில்லை.

இடமும் உறுதியும்: எண்கள் சொல்வது என்ன?

உறுதியை அளக்க, அட்லஸ் முன்வளைவுக்கும் ஓடோன்டாய்டுக்கும் இடையிலான இடைவெளியைப் பார்க்கிறார்கள். தலை குனிந்த நிலையிலும் நிமிர்ந்த நிலையிலும் பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட வேண்டும். பெரியவர்களுக்கு 3 மி.மீ. வரை, குழந்தைகளுக்கு 5 மி.மீ. வரை இயல்பு. இடைவெளி கூடினால் முளையைப் பிடித்திருக்கும் நார் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஓஸ் ஓடோன்டாய்டியத்தில் மட்டும் இந்த எண் ஏமாற்றும். தனித் துண்டு அட்லஸோடு சேர்ந்தே நகர்வதால் இடைவெளி இயல்பாகத் தெரியும், ஆனால் மூட்டு மொத்தமாக நழுவிக்கொண்டிருக்கும்.

அதனால் இடத்தைத் தனியாக அளக்க வேண்டும். ஆக்சிஸின் பின்விளிம்பிலிருந்தோ ஓடோன்டாய்டின் பின்விளிம்பிலிருந்தோ அட்லஸ் பின்வளைவு வரை உள்ள தூரம்தான் தண்டுவடத்துக்குக் கிடைக்கும் இடம். இது 13 மி.மீ. அளவுக்குச் சுருங்கினால் தண்டுவடம் அழுந்தும் வாய்ப்பு கூடுகிறது. இரண்டு எண்களில் எதற்கு முக்கியத்துவம் என்று கேட்டால், மிஞ்சியிருக்கும் இடத்துக்குத்தான். நழுவல் எவ்வளவு என்பதைவிட நழுவிய பிறகு எவ்வளவு மிச்சம் என்பதே தண்டுவடத்தின் நிலையைத் தீர்மானிக்கிறது.

பிறவியில் இருந்தது ஏன் முப்பது வயதில் வெளிப்படுகிறது?

இந்தக் கேள்வியை நோயாளிகள் மறக்காமல் கேட்பார்கள். ‘பிறவிக் கோளாறு என்றால் இவ்வளவு நாள் எங்கே இருந்தது?’

கோளாறு இருந்துகொண்டேதான் இருந்தது, மூட்டு தாக்குப்பிடித்தது. தலையை அசைக்கும் ஒவ்வொரு முறையும் தளர்ந்த மூட்டில் சிறு நழுவல் நடக்கிறது. நார்கள் மெல்ல இழுபடுகின்றன, மூட்டைச் சுற்றித் திசு தடிக்கிறது, வெற்றிடம் குறைகிறது. தண்டுவடம் திரும்பத் திரும்ப லேசாக அழுந்துகிறது. ஒருநாள் வழுக்கி விழுவதோ சிறிய வாகன மோதலோ அந்தச் சமநிலையைக் குலைக்கிறது. அடிபட்ட அளவுக்குப் பொருந்தாமல் கை கால் சில நிமிடம் செயலிழந்து திரும்பிவிட்டது என்று ஒருவர் சொன்னால், ‘அதிர்ச்சியில் அப்படி ஆகும்’ என்று விட்டுவிடக் கூடாது. மேல்கழுத்தைப் படமெடுத்துப் பார்க்க வேண்டும்.

அறிகுறிகள்: ஏன் இவ்வளவு தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுகிறது?

ஒரே இடத்தில் முகுளம், தண்டுவடம், சிறுமூளை, கடைசி மண்டை நரம்புகள், மூளைக்குப் பின்பக்கமாக ரத்தம் கொண்டுபோகும் முள்ளெலும்புத் தமனிகள் எல்லாம் நெருக்கமாக இருக்கின்றன. எது அழுந்துகிறதோ அதற்கேற்ற அறிகுறி வரும். அதனால் ஒருவர் எலும்பு மருத்துவரிடமும், இன்னொருவர் காது மூக்கு தொண்டை மருத்துவரிடமும், மற்றொருவர் மனநல மருத்துவரிடமும் போய் நிற்பார்.

- தண்டுவடம் அழுந்தினால்: கால்கள் விறைத்து நடை தடுமாறும். சட்டைப் பொத்தான் போடுவது, எழுதுவது போன்ற நுண்வேலைகள் கடினமாகும். கைகால்கள் மரத்துப்போகும். கழுத்தைக் குனியும்போது முதுகில் மின்சாரம் பாய்வது போல ஓர் உணர்வு வரும்.
- முகுளமும் கடைசி மண்டை நரம்புகளும் அழுந்தினால்: விழுங்கும்போது புரையேறும், குரல் மாறும், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும்.
- சிறுமூளை சம்பந்தப்பட்டால்: தள்ளாட்டம், கண்கள் கீழ்நோக்கித் துடிப்பது.
- தமனி மடங்கினால்: தலையைத் திருப்பும்போது மயக்கம், திடீரெனக் கீழே விழுதல். இளம் வயதில் மூளையின் பின்பகுதியில் பக்கவாதம் வந்து வேறு காரணம் கிடைக்கவில்லை என்றால் இந்த மூட்டையும் பார்க்க வேண்டும்.
- இருமினாலோ தும்மினாலோ பின்மண்டையில் வெடிக்கும் தலைவலி கியாரியின் அடையாளம்.

இதில் மருத்துவர்களையே திசைதிருப்பும் ஒன்று உண்டு. அழுத்தம் கழுத்தின் உச்சியில் இருந்தாலும் கைவிரல்களின் சிறு தசைகள் மெலிந்துபோகலாம். அதைப் பார்த்துக் கீழ்க்கழுத்தை மட்டும் எம்.ஆர்.ஐ. எடுத்து, அங்கே ஒரு சிறிய டிஸ்க் பிதுக்கத்தைக் கண்டுபிடித்து, அதுதான் காரணம் என்று நின்றுவிடுவது நடக்கிறது. கழுத்துக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தால் பெருந்துளையும் படத்தில் வர வேண்டும், அதை யாராவது பார்த்துக் கருத்தும் எழுத வேண்டும்.

குழந்தைகளில் அறிகுறி இன்னும் மங்கலாக இருக்கும். சரியாகாத கழுத்துக் கோணல், நடக்கப் பழகியவர் மறுபடி தூக்கச் சொல்வது, விளையாட்டில் சீக்கிரம் சோர்வது, இவை மட்டுமே இருக்கலாம்.

எந்தப் பரிசோதனை எதற்கு?

எக்ஸ்ரே அசைவைக் காட்டும். சி.டி. எலும்பின் வடிவத்தையும் மூட்டுப் பரப்புகளின் சாய்வையும் காட்டும். அறுவை சிகிச்சைத் திட்டம் பெரும்பாலும் இதை வைத்துத்தான். எம்.ஆர்.ஐ. தண்டுவடம் அழுந்துகிறதா, அதற்குள் சேதமோ நீர்க்குழியோ இருக்கிறதா என்று காட்டும். தமனியின் பாதையைப் பார்க்க சி.டி. ஆஞ்சியோ. எலும்பு பிசகியவர்களுக்குத் தமனியும் வழக்கமான பாதையை விட்டு ஓடுவது சகஜம் என்பதால், திருகு வைக்கும் அறுவைக்கு முன் இதைத் தவிர்க்கக் கூடாது. படுத்த நிலையில் எடுத்த ஒரே ஒரு எம்.ஆர்.ஐ. சரியாக இருப்பதால் மூட்டும் உறுதி என்று முடிவு செய்ய முடியாது. குனியும்போது நழுவி, படுத்தால் தானே சரியாகும் மூட்டு அதில் தெரியாமல் போகலாம்.

சிகிச்சை: தீர்மானம் எப்படி எடுக்கப்படுகிறது?

1. அறிகுறி இல்லை, மூட்டு உறுதி, இடமும் போதும் என்றால் கண்காணிப்பு மட்டும் போதும்.

2. மூட்டு நழுவுகிறது, ஆனால் தலையை நிமிர்த்தினாலோ மண்டையோட்டில் பிடிமானம் வைத்து எடைகட்டி இழுத்தாலோ எலும்புகள் சரியான இடத்துக்குத் திரும்புகின்றன என்றால், அந்த நிலையிலேயே அட்லஸையும் ஆக்சிஸையும் பிணைத்துவிடுகிறார்கள். இதன் வரலாறு நீளமானது. 1939இல் கேலி என்ற அறுவை மருத்துவர் கம்பியால் கட்டும் முறையை விவரித்தார். பின்னர் மகெர்ல் என்ற மருத்துவர் மூட்டின் ஊடாகத் திருகு செலுத்தும் முறையைக் கொண்டுவந்தார். மும்பையைச் சேர்ந்த அதுல் கோயல் 1994இல் அட்லஸின் பக்கத் திரட்சியிலும் ஆக்சிஸிலும் தனித்தனித் திருகு வைத்துத் தகட்டால் இணைக்கும் முறையை வெளியிட்டார். ஜெர்மனியின் ஹார்ம்ஸ் 2001இல் தகட்டுக்குப் பதில் தண்டுகளைப் பயன்படுத்தினார். இன்று உலகெங்கும் பரவலாகச் செய்யப்படுவது இந்த வழியில் வந்த அறுவைதான்.

3. எலும்புகள் இழுத்தாலும் திரும்பவில்லை, முளை முகுளத்தை முன்பக்கமிருந்து அழுத்துகிறது என்றால், முன்பெல்லாம் வாய் வழியாகப் போய் ஓடோன்டாய்டை வெட்டி எடுத்து, பிறகு பின்பக்கம் பிணைப்பார்கள். 2005 முதல் எண்டோஸ்கோப் கொண்டு மூக்கு வழியாகச் செய்யும் முறையும் வந்தது. 2004இல் கோயல் இன்னொரு வழியைக் காட்டினார்: பின்பக்கமிருந்தே மூட்டைத் திறந்து, விரித்து, இடையில் தாங்கு துண்டு வைத்தால் மேலே ஏறிய முளை கீழே இறங்கிவிடுகிறது. ‘திரும்பாதவை’ என்று ஒதுக்கப்பட்ட பலவற்றை இப்படித் திருப்ப முடிந்ததால் வாய்வழி அறுவையின் தேவை வெகுவாகக் குறைந்தது.

4. கியாரி மட்டும் இருந்து அறிகுறியும் இருந்தால், பெருந்துளையின் பின்விளிம்பைச் சற்று அகற்றி இடம் ஏற்படுத்துவது வழக்கம். அதோடு மூட்டுத் தளர்ச்சியும் இருப்பதைக் கவனிக்காமல் எலும்பை மட்டும் அகற்றினால் நிலைமை மோசமாகலாம். எல்லாக் கியாரிக்கும் அடிப்படையே மூட்டுத் தளர்ச்சிதான், எல்லோருக்கும் பிணைப்பு அறுவை வேண்டும் என்று வாதிடுபவர்களும் உண்டு. துறையில் பெரும்பாலோர் இதை ஏற்கவில்லை. படத்தில் தளர்ச்சி தெளிவாக இல்லாத ஒருவருக்குப் பிணைப்பு அறுவை பரிந்துரைக்கப்பட்டால், இன்னொரு நிபுணரின் கருத்தையும் கேட்பது நியாயம்.

அறுவையின் விலையையும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். அட்லஸும் ஆக்சிஸும் பிணைக்கப்பட்டால் கழுத்துத் திருப்பத்தில் ஏறத்தாழ பாதி நிரந்தரமாகப் போகும். வண்டி ஓட்டும்போது உடலையும் சேர்த்துத் திருப்பிப் பார்க்க வேண்டிவரும். மண்டையோட்டையும் சேர்த்துப் பிணைத்தால் தலையசைப்பும் குறையும். குழந்தைகள் இந்த இழப்புக்கு ஓரளவு பழகிவிடுகிறார்கள். அறுவையின்போது தமனி காயப்படுவது, பின்மண்டை மரத்துப்போவது, எலும்பு சேராமல் திருகு தளர்வது ஆகியவை அறியப்பட்ட சிக்கல்கள். தண்டுவடத்தில் நீண்டகாலம் இருந்த சேதம் முழுவதும் திரும்பாது. அறிகுறி கூடிக்கொண்டே போகும்போது அறுவையைத் தள்ளிப்போடுவதில் உள்ள உண்மையான ஆபத்து அதுதான்.

தற்செயலாகத் தெரியவந்தவர்களுக்கு

அறிக்கையில் பெயர் வந்திருக்கிறது, உடம்பில் ஒன்றும் இல்லை. சரி, என்ன செய்வது?

1. நரம்பியல் அல்லது தண்டுவட அறுவை மருத்துவரிடம் ஒருமுறை முறையாகக் காட்டி, குனிந்து நிமிரும் எக்ஸ்ரே தேவையா என்று கேளுங்கள். கேட்க வேண்டியது ‘இது ஆபத்தா?’ என்பதைவிட, ‘மூட்டு நழுவுகிறதா, தண்டுவடத்துக்கு எவ்வளவு இடம் இருக்கிறது?’ என்பது.

2. தளர்ச்சி உறுதியானால், முடிவு தெரியும் வரை கழுத்தைச் சொடுக்கெடுப்பது, தலைகீழாக நிற்பது, குட்டிக்கரணம், மல்யுத்தம், தலையால் பந்து முட்டும் விளையாட்டுகள் வேண்டாம். கழுத்தை வேகமாகத் திருப்பும் எந்தக் கை வைத்தியமும் வேண்டாம். மூட்டு உறுதியாக இருப்பவர்களுக்கு இத்தனை கட்டுப்பாடு தேவையில்லை. அவர்களை வீட்டில் முடக்கி வைப்பது அநாவசியமான தண்டனை.

3. எந்த அறுவைக்காக மயக்க மருந்து கொடுத்தாலும், அது பல்லுக்கோ டான்சிலுக்கோ ஆனாலும், மயக்கவியல் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். மூச்சுக்குழாய் செலுத்தும்போது வழக்கமாகத் தலையைப் பின்னால் சாய்ப்பார்கள். விழித்திருக்கும்போது கழுத்துத் தசைகள் கொடுக்கும் பாதுகாப்பு மயக்கத்தில் இருக்காது. கோளாறு முன்பே தெரிந்தால், கழுத்தை நேராக வைத்தபடி வளையும் குழல்கேமரா கொண்டு குழாயைச் செலுத்த முடியும். அறிக்கையின் நகலைக் கையோடு கொண்டுபோவது நல்லது.

4. நடை விறைப்பு, கையின் நுண்வேலை குறைவது, புரையேறுவது, சிறுநீர்க் கட்டுப்பாடு மாறுவது ஆகியவற்றில் ஏதாவது புதிதாகத் தொடங்கினால், அடுத்த மறுபரிசோதனைத் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். சிறு அடிக்குப் பிறகு கைகால் ஒரு நிமிடம் மட்டும் செயலிழந்து முழுவதும் திரும்பிவிட்டாலும், அன்றே கழுத்தை அசையாமல் பிடித்து மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

5. குழந்தைக்கு ஒருமுறை எடுத்த படம் சரியாக இருப்பதோடு கோப்பை மூடிவிடக் கூடாது. ஒட்டிய எலும்புகளுக்கு நடுவே உள்ள மூட்டு வளர வளர அதிக வேலை செய்கிறது. அதனால் எலும்பு வளர்ச்சி முடியும் வரை, மருத்துவர் சொல்லும் இடைவெளியில் நரம்புப் பரிசோதனையும், தேவைப்படும்போது அசைவு எக்ஸ்ரேயும் திரும்பச் செய்ய வேண்டும். பழைய படங்களைத் தேதியோடு பத்திரமாக வைத்திருந்தால், இடைவெளி மாறியிருக்கிறதா என்று புதிய படத்தோடு பக்கத்தில் வைத்து அளந்துவிடலாம்.